பதினைந்து புள்ளி

பம்பலப்பிட்டியில் கடலோரம் ஒரு பள்ளிக்கூடம்.
இரண்டாம் மாடி. நான்கு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது,
அதன் கீழே பிரதம பரீட்சகர் பேரின்பநாதன்.
எங்களுக்கு உப்புக் காற்றும் கோச்சிச் சத்தமும்.

கட்டு ஒன்றுக்கு நாற்பது விடைத்தாள்.
ஆறாம் கேள்வி:
போர்க்களத்தைப் பாடுவதில் காப்பியப் புலவரின் திறனை விளக்குக.
பதினைந்து புள்ளி.

புள்ளித் திட்டம் மேசையில் ஒட்டியிருக்கிறது.
யானைகள் மலையாகச் சரிந்தால் இரண்டு.
குருதி ஆறாகி, வெண்குடைகள் நுரையாக மிதந்தால் இரண்டு.
தலையற்ற உடல் எழுந்து ஆடினால் ஒன்று.
பேய்கள் பல்லை அரிசியாகக் குற்றி
மூளைத் தயிர் விட்டுக் கூழ் காய்ச்சிக் குடித்தால் மூன்று.
மிகை என்ற சொல் வந்தால் ஒன்று.
மிச்சம் ஆறும் மொழிநடைக்கு.

காலையிலிருந்து எழுநூறு யானை செத்துவிட்டது.
பக்கத்து மேசை ஜெசீமா ரீச்சர், அக்கரைப்பற்று,
"எனக்கு ஆயிரம் தாண்டிற்று, ஒரு பரணி பாடுங்களன்" என்கிறா.
சிரிக்கிறோம். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ வருகிறது.

பத்தொன்பதாவது தாள்.
எழுத்து இடப்பக்கம் சாய்கிறது.
பெயர் இல்லை, ஊர் இல்லை, சுட்டெண் மட்டும்.
யானையும் இல்லை.
எடுத்த எடுப்பில் இப்படி:

பேய்கள் காய்ச்சிய கூழில்
உப்பு இருந்ததா என்று புலவர் சொல்லவில்லை.
நாங்கள் வரிசையில் நின்று வாங்கிய கஞ்சியில் இருக்கவில்லை.
எனக்கு அப்போது எட்டு வயது.
கடல் கிட்டத்தான் இருந்தது.
ஒரு போத்தல் மூடியில் கடல்தண்ணீர் எடுத்துவர
அக்கா போனா.

அவ்வளவுதான் அந்தப் பந்தி.
அடுத்ததில் ஒரு வாதம்:
புலவர் களத்துக்குப் போயிருக்க மாட்டார்,
போயிருந்தால் பேய்களைச் சிரிக்க விட்டிருக்க மாட்டார்.
உதாரணம் இல்லை, மேற்கோள் இல்லை.
திட்டப்படி கூழுக்கு மட்டும் இரண்டு போடலாம்.

அந்த மே மாதம் நான் வெள்ளவத்தையில்.
மூன்றாம் மாடி.
அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் தலையணைக்குக் கீழே.
காலி வீதியில் வெடி, மேளம், கொடி கட்டிய ஓட்டோக்கள்.
கீழ்வீட்டு நந்தாவதி
பாற்சோறு வெட்டித் தட்டில் கொண்டுவந்தா,
வாழையிலைத் துண்டால் மூடி.
நல்ல மனுசி. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால்
இரவு இரண்டு மணிக்கும் கொத்தமல்லி அவித்துத் தருவா.
கதவைத் திறந்தேன்.
வாங்கினேன்.
சாப்பிட்டேன்.
உப்பு அளவாக இருந்தது.

வெட்சி, வஞ்சி, தும்பை, வாகை,
எல்லாம் போனவர்களும் வென்றவர்களும் சூடிய பூக்கள்.
தட்டைக் கழுவி,
வெறுமையாகக் கொடுக்கக் கூடாதே என்று
ஒரு பிடி சீனி போட்டுத் திருப்பிக் கொடுத்தவளுக்கு
இலக்கணத்தில் பூ இல்லை.
யாரும் கேட்கவுமில்லை, பதினாறு வருடமாக.
இந்தத் தாள்தான்
என்னிடம் உப்பைப் பற்றிக் கேட்கிறது.

"என்ன ரீச்சர், தாள் நகரக் காணோம்?"
"நடை நல்லாயிருக்கு சேர்."
"நடைக்கு ஆறுக்கு மேல போகாதீங்க."

ஆறும் இரண்டும் எட்டு.
மெய்யின் தலையில் புள்ளி வைக்க
அரிவரியிலேயே பழக்கிவிட்டார்கள்.
வைத்தேன்.

பிறகுதான் கண்டேன்,
ஓரத்தில் கேள்வி இலக்கம் இடவில்லை.
இலக்கம் இடாத விடை செல்லாது,
திட்டத்தின் கடைசி வரி, தடித்த எழுத்தில்.

ஜெசீமாவிடம் நீலப் பேனா கேட்டேன்.
என் கையில் சிவப்பு இருப்பதைப் பார்த்தா.
மூடியைக் கழற்றியே தந்தா.

பேரின்பநாதன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்த நேரம்
இடப்பக்கம் சாய்த்து
ஆறு என்று எழுதினேன்.