பந்தி

சன்னியாசிகள் சாப்பிட்ட கூடம் இது.
இரண்டு பக்கமும் நீளப் பலகை போட்டு
பேசாமல் மென்றிருப்பார்கள்.
இப்போது அதே வரிசையில்
பிரகன்சா வம்சம்.
பளிங்குப் பெட்டி, பெட்டிக்கு மேல் பெட்டி.
நாடாண்டவர்களுக்கு மூடியின் மேல் கிரீடம்.
ஆளாமல் செத்தவர்களுக்கு வெறும் பெயர்.
இலை போடாத பந்தி.

நான் காவல்காரன்.
பதினோரு வருஷமாக
யாரும் எழுந்து போகவில்லை என்று
தினமும் கையெழுத்துப் போடுகிறேன்.

நான்காம் எண் கேமரா
குளிர்காலத்தில் கொஞ்சம் மங்கும்.
அதில்தான் பார்த்தேன்,
சுல்மிரா துடைப்பக் கழியால்
சுவரில் ஒரு காலி அடுக்கை அளப்பதை.
குறுக்கே ஒரு தடவை,
உள்ளே ஒரு தடவை,
பிறகு முழங்கையால்
கடையில் துணி அளக்கிறவள் மாதிரி.

நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்,
வாளியில் துணியைப் பிழிந்துகொண்டு.
நகராட்சிக் கடிதம் வந்திருக்கிறது.
அர்மிந்துவின் குழிக்குத் தவணை முடிந்தது.
இந்த லிஸ்பனில் எங்களைப் போன்றவர்களுக்கு
மண் வாடகைக்குத்தான்.
சில வருஷம் போனால் தோண்டி
எலும்பை எடுத்துத் தருவார்கள்.
எலும்புக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு மாடம்,
மாடத்துக்குத் தனிக் காசு.
"அறுபத்தைந்து சென்டிமீட்டர்.
அவ்வளவுதான் ஆள்.
உயிரோடு இருந்தபோது
கட்டிலுக்கு வெளியே கால் நீட்டும்."
அவள் சிரித்தாள்.
நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
அடுத்த ராணியைத் துடைக்கப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை வெளியே சந்தை.
திருடியின் சந்தை என்று பெயர்.
ஒற்றைச் செருப்பு, பிடியில்லாத கெண்டி,
யாரோ இருவரின் கல்யாணப் படம்
(சட்டம்தான் விலைக்கு).
ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்து
தன் முழங்கையோடு ஒப்பிட்டாள்.
போதவில்லை.
திருப்பி வைத்தாள்.

இவர்களுடைய கதை ஊருக்கே தெரியும்.
பிரெஞ்சுப் படை எல்லையைத் தாண்டியதும்
குடும்பத்தோடு பிரேசிலுக்குக் கப்பலேறினார்கள்.
புத்தகப் பெட்டிகள் துறைமுகச் சேற்றில் கிடந்தன.
படைக்குப் பிந்தியவர்கள்;
பந்தியில் இன்றைக்கும் முதல் வரிசை.
ஒருவருக்கு இதயம் போர்ட்டோவில்,
உடம்பு கடல் கடந்து சாவோ பாவ்லோவில்.
ராஜா எலும்பென்றால்
அனுப்பி வைக்கவும் கப்பல் உண்டு.
அர்மிந்து காபோ வெர்டியிலிருந்து வந்தது
ஒரே ஒரு தடவை,
ஒரு வழிச் சீட்டில்.

திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை.
முக்காடு போட்டு அழும் கல்பெண்ணின் காலடியில்
சுல்மிரா உட்கார்ந்தாள்.
டிபன் டப்பாவைத் திறந்தாள்.
சோளம், அவரை, நேற்றைய மீன் துண்டு.
கேமராவில் வாசனை வராது.
எனக்கு வந்தது.

விதிப்புத்தகம் பக்கம் ஒன்பது:
உள்ளே உணவு கூடாது.
சன்னியாசிகள் எழுந்துபோன பிறகு
இந்தக் கூடத்தில்
ஒரு வாய் மெல்லும் சத்தம்
இதுதான் முதலாக இருக்கும்.
அவள் அவசரப்படவில்லை.
பாதி சாப்பிட்டு, டப்பாவை மூடி,
அந்தக் காலி அடுக்கில் வைத்துவிட்டு
கையை முன்றானைத் துணியில் துடைத்து
வேலையைத் தொடங்கினாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
பன்னிரண்டு மணி. அசைவு இல்லை.

பிறகு கீழே இறங்கிப் போய்
ஸ்பூன் இருக்கிறதா என்று கேட்டேன்.