தொண்ணூற்றெட்டு

வுப்பெர்தாலிலிருந்து ரெம்ஷைட்டுக்கு
மழைக்குள் போய் வாங்கிய நாலு அலாய் வீல்.
ஐந்து துளை. என் ஆல்ஃபாவுக்கும் ஐந்து.
அதற்கு மேல் எண்ணத் தோன்றவில்லை.

முதல் போல்ட் வழுக்கி இறங்கியது.
இரண்டாவது முனகியது.
மூன்றாவது
வாசலிலேயே நின்றுவிட்டது.

வீலின் வட்டம் நூறு. வண்டி தொண்ணூற்றெட்டு.
இரண்டே மில்லிமீட்டர்,
வெட்டிப்போட்ட நகத்துண்டு.

கழுத்து அசையும் போல்ட் இருக்கிறதாம்,
வித்தியாசத்தை அதுவே விழுங்கிவிடுமாம்.
டார்ச் பிடித்திருந்த தவநிதி
வெளிச்சத்தை என் முகத்துக்குத் திருப்பினாள்:
"ஆடுற போல்டை நம்பிப்
பிள்ளையை ஏத்தமாட்டன்."

பழைய இரும்புச் சக்கரங்கள்
ஒரு சத்தமும் இல்லாமல் ஏறின.

விற்க விளம்பரம் எழுதுகிறேன்:
கீறல் இல்லை. அளந்துவிட்டு வரவும்.

ரெம்ஷைட்காரனும் அப்படித்தான் எழுதியிருந்தான்.
டிக்கியைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.