நீலச் சிலிண்டரோடு வந்தவர்

திங்கட்கிழமை நான் ஒரு பிழை விட்டேன்.
"வெள்ளிக்கிழமை அம்மாவின்ர பிறந்தநாள் வருது" என்றேன்,
அவளுக்குப் பல் தீட்டிக்கொண்டே, பராக்காக.
வருது என்றால் வருகிற ஆள் ஒன்று இருக்கவேண்டும்;
இது இரண்டேமுக்கால் வயதின் இலக்கணம்.

அன்றிலிருந்து துமி
கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே குடியிருந்தாள்.
எங்கள் ஐந்தாம் மாடியில் நிற்கும்போது
லிப்ட் ஒரு தரம் இருமும்.
அந்த இருமலுக்கு ஓடுவாள்.
செவ்வாய் வந்தது முன்வீட்டு ரிஸானா, கையில் மல்லி இலை.
"நீங்க இல்ல" என்று கதவைச் சாத்தினாள்.
புதன் வந்தது தண்ணீர் பில்.
வியாழன் வந்தது அவளுடைய அப்பாதான்,
நனைந்த ஹெல்மெட்டோடு.
அவருக்கும் அதே தீர்ப்பு.

பிறந்தநாள் செருப்புப் போடுமா?
மீன் சாப்பிடுமா?
எங்க படுக்கும்? என்ர தலகாணி குடுக்கமாட்டன்.
பிறந்தநாளுக்கு அம்மா இருக்கா?

கடைசிக் கேள்விக்கு நான் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.
எனக்கும் அதனோடு பெரிய பழக்கமில்லை.
அடையாள அட்டையில் இருக்கிற திகதி
பதிவுக்காரர் வந்த நாள்.
பிறந்தது அதற்கு ஒன்பது நாள் முந்தி என்று அம்மா சொல்லுவா,
பதினொன்று என்பார் அப்பா.
வங்கி மட்டும் சந்தேகமில்லாமல்
வருடாவருடம் குறுஞ்செய்தி அனுப்பும்.

வெள்ளி.
துறைமுகப் பக்கமிருந்து கொட்டாஞ்சேனைக்குள் மழை இறங்கியது.
பால் பொங்கமுன் காஸ் முடிந்தது.
மேசையில் பேக்கரிப் பட்டர் கேக், அரைக் கிலோ.
அதன் மேல் மின்வெட்டுக் காலத்து
மிச்சத் திரி ஒன்று, தடித்த வெள்ளை,
கலங்கரை விளக்கம் மாதிரி.
துமி புதுக் காற்சட்டையை முன்பின்னாகப் போட்டு
கதவடியில் குந்தியிருந்தாள்.

லிப்ட் இருமியது.

தோளில் நீலச் சிலிண்டர்,
சாரத்துக்கு மேல் மழைச்சட்டை,
புருவத்தில் நீர் சொட்டச் சொட்ட ஒரு மனிதர்.
"காஸ், நோனா."
துமி அவரைக் கால்விரலிலிருந்து பார்த்துக்கொண்டு போனாள்.
கழுத்தை முழுக்க நிமிர்த்தின பிறகுதான் முகம் வந்தது.
பிறகு ஐந்து மாடியும் கேட்க:
"வந்திட்டுது! அம்மா, உங்கட பிறந்தநாள் வந்திட்டுது!
நல்லா நனைஞ்சு போச்சு!"

அவருக்கு அரைத் தமிழ். எனக்கு அரைச் சிங்களம்.
இரண்டு அரையையும் கூட்டி விளக்கிப் பார்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
சிலிண்டரை இறக்கி, றெகுலேற்றரைப் பூட்டி,
சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்த்து,
கை கழுவி,
தன்னைக் கண்டுபிடித்தவளின் முன்னே வந்து குந்தினார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.
"டிரபிக்" என்றார் பிறந்தநாள்.

ஊதச் சொன்னாள்.
அவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன்.
இருவருமாக ஊதினார்கள். அவளுடையதில் எச்சில்தான் கூட.
திரி அசையவில்லை,
ஆறு மணித்தியாலம் எரிந்து பழகின திரி.
மூன்றாம் தரம் நானும் குனிந்தேன்.

அவருக்கான துண்டை அவர் தின்னவில்லை.
பில் கடுதாசியில் சுற்றி மழைச்சட்டைக்குள் வைத்தார்.
"துவட்ட" என்றார்.
மகளுக்கு.
என் அரைச் சிங்களத்துக்குள் அந்தச் சொல் இருந்தது.

வெறும் சிலிண்டர் தோளில் ஏறியது.
"பழசைக் கொண்டுபோகுது" என்றாள் துமி,
லிப்ட் கதவு மூடும்வரை கையசைத்து.

பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
திரும்பி எப்ப வரும்?

காஸ் முடிஞ்சால் வரும், என்றேன்.

யோசித்தாள். வாயோரம் கேக்.
"அப்ப எல்லா அடுப்பையும் மூட்டுங்கோ."