அடிக்க முதல்

வேப்பமரக் கிளையில் கம்பி கட்டித் தொங்குகிறது
முழங்கை நீளத் தண்டவாளத் துண்டு.
பத்தொன்பது வருடமாக
அதை அடிப்பவன் நான்.
அது சத்தம் என்று எனக்குப் பட்டதேயில்லை.
நேரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஆனியில், இடைவேளை மணிக்கு,
தரம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை ஓடியது.
பொத்திய காது, திறந்த வாய்,
ஒற்றைக் காலில் மட்டும் சப்பாத்து.
கேற்றைத் தாண்டி
உட்துறைமுக வீதியில்
ஓட்டோ ஒன்று கிறீச்சிட்டு நின்றது.
சுத்தியல் என் கையில்.
'அடங்காப்பிடாரி' என்றார் ஒருவர்.
'தாய் செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டா' என்றார்
பக்கத்தில் நின்றவர்.
நான் வாய் திறக்கவில்லை.
அன்றைய மிச்ச மணிகளையும் அடித்துவிட்டு
வீட்டுக்குப் போனேன்.

கேதுஷன் அதன்பிறகு வரவில்லை.

மார்கழி லீவில், மழை விட்ட ஒரு நாலு மணிக்கு
நிரோஜினி அவனைக் கூட்டி வந்தாள்,
ஆளில்லாத பள்ளிக்கூடத்தைப் பழக்க.
திறப்பு என்னிடம்.
அவன் தூண்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். பதினான்கு.
திரும்பி வந்து எண்ணினான். பதினான்குதான்.
மலசலகூட வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.
மறுநாள் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றிக் கழுவினேன்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

'சட்டையைப் பதினொரு தரம் தோய்ச்சனான் அண்ணை,
கழுத்து லேபலையும் வெட்டிப்போட்டன்,
இனிக் கடிக்காது.'
சட்டை கடிக்குமா என்று கேட்க வாயெடுத்தேன்.
என் காக்கிக் காற்சட்டையின் உள்மடிப்பு
அன்று இரவு வரை
என்னைக் கடித்துக்கொண்டேயிருந்தது.

கோட்டைப் பக்கத்து மான்கள்
எங்கள் மைதானத்துக்கும் மேய வரும்.
மணி கேட்டால் முதலில் காது திரும்பும்,
பிறகு தோல் சிலிர்க்கும்,
பிறகு மதிலுக்கு மேலால் உடம்பே போய்விடும்.
இத்தனை வருடத்தில் ஒரு மானையும்
அடங்காப்பிடாரி என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஜெஸிந்தா ரீச்சர் வந்து கேட்டா:
'அடிக்க முதல் கையைத் தூக்குங்கோ.
அவன் ஜன்னலால பாப்பான்.
அஞ்சு எண்ணிப்போட்டு அடியுங்கோ.'
'ஒரு பிள்ளைக்காகவோ?' என்றார் அதிபர்.
'ஓம் சேர், ஒரு பிள்ளைக்காக.'

தை. வாடைக்காற்று.
தகரக் கூரையில் மழை கொட்டியது.
எல்லோருக்கும் பத்து நிமிடம் முந்தி
பக்கக் கதவால் வந்தான்.
தலையில் மஞ்சள் காதுமூடி,
மாவாலையில் மெஷினோடு நிற்கும் தாய்மாமன் கொடுத்தது,
பெரிசு, கன்னம் வரை இறங்கியிருந்தது.
தனக்கும் அது வேண்டுமென்று ஒருத்தி அழுதாள்.

கையைத் தூக்கினேன்.
ஜன்னலில் மஞ்சள் தெரிந்தது.
ஐந்து எண்ணினேன், ஆறும் எண்ணினேன்,
என்றைக்குமில்லாமல் மெதுவாக அடித்தேன்.
அவன் ஓடவில்லை.
மேசைக்கடியில் போனான்.
ரீச்சர் அவனை வெளியே இழுக்கவில்லை,
கொப்பியைக் கீழே நீட்டினா.
பதினொரு மணிக்குத் தாய் வந்து கூட்டிப் போனாள்.
முதல் கிழமைக்கு அவ்வளவுதான் என்பது பேச்சு.

செவ்வாய் வரவேயில்லை.
புதன், காளி கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி,
வியாழன், சீனன்குடாவிலிருந்து எழும்பிய விமானம்.
கை தூக்கிச் சொல்லிவிட்டு வர
அவைக்குத் தெரியாது.
வியாழன் சட்டையை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.
நிரோஜினி என் முகத்தைப் பார்க்காமலே போனாள்.

வெள்ளி, பத்தரை மணி.
அடித்து முடித்துச் சுத்தியலைச் சாத்தினேன்.
பின்னால் சப்பாத்துச் சத்தம்.
ரீச்சர் கொஞ்சம் தள்ளி நின்றா.
அவன் நேரே மரத்தடிக்கு வந்தான்,
இரும்பில் உள்ளங்கையை வைத்தான்.
மான்கள் திரும்ப மேயத் தொடங்கியிருந்தன.
வைத்த கையை எடுக்காமல்,
எனக்கோ மரத்துக்கோ தெரியாது, சொன்னான்:
'இன்னும் நிக்கேல்ல.'

பத்தொன்பது வருடத்தில் முதல் தரம்
நானும் தொட்டேன்.
நிற்கவில்லை.