கேந்தி, பன்னிரண்டு கிலோ

அக்டோபர் முப்பது. மனாமா, கோயில் சந்து.
மல்லியைத் தொடவில்லை, ரோஜாவைப் பார்க்கவில்லை,
என் கேந்திக் குவியலில் முகத்தைப் புதைத்து
நாய் மோந்து பார்ப்பதுபோல் மோந்தாள்.
"எல்லாம்" என்றாள் குறை அரபியில்.
பன்னிரண்டு கிலோ. கல்யாணமா என்றேன்.
இல்லை, செத்தவர்கள் வருகிறார்கள் என்றாள்,
விமான நிலையத்துக்கு ஆள் கூப்பிடப் போகிறவள் மாதிரி.

பெயர் சொகோர்ரோ. ஜுஃபைரில் ஒரு ஹோட்டலில் ரொட்டி சுடுகிறவள்.
இது எங்கள் மெக்சிகோ பூ என்றாள்.
சிரித்தேன். தோவாளையிலிருந்து
நேற்று ராத்திரி இறங்கிய பெட்டி, ஈரம்கூடக் காயவில்லை.
எப்பவோ கப்பலேறிப் போனதாம்.
அப்படியென்றால் இத்தனை தலைமுறையாய்
எங்கள் சாமி கழுத்தில் கிடக்கிறது, யாரும் விசா கேட்காமல்.

மூட்டையை ஒன்பதாம் மாடிக்கு நான்தான் தூக்கினேன்.
இஸ்திரி மேசைமேல் பீடம்.
அம்மா, படகோடு போன தம்பி எலியோதோரோ,
ஒற்றைக் காதுள்ள ஒரு நாய்.
உப்பு, தண்ணீர், எலும்புபோல் உருட்டி ஒட்டிய ரொட்டி.
லிஃப்ட் வாசலிலிருந்து கதவுவரை
இதழைப் பிய்த்துப் பாதை போட்டாள்.

நாங்கள் பூ இறைப்பது போகிற வழிக்கு.
இறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோம்,
தலை முழுகித்தான் வாசல் மிதிப்போம்.
திரும்பி வர வழி தெரிந்துவிடக் கூடாது அவர்களுக்கு.
இவள் குனிந்து, வருகிற வழிக்கு இறைக்கிறாள்.
வளைவில் ஒரு அம்புக்குறி வேறு.

லிஃப்டில் எந்தப் பொத்தானை அழுத்துவார்கள் என்று கேட்டேன்.
அவளும் சிரித்தாள்.
பிறகு, உனக்கு யாரும் இல்லையா என்றாள்.

தாணுலிங்கம்
என்று வாய் சொல்லிவிட்டது.

ஜூனில், சித்ரா பக்கம், சாரத்தின்மேல், பதினொன்றரை மணி வெயிலில்.
பூப்பெட்டி வருகிற அதே விமானம், அதே அடிவயிறு.
வரும்போது கேந்தி,
போகும்போது அவன்.
ரசீதில் எடை பெரிதாகவும் பெயர் சின்னதாகவும் இருந்தது.
கையெழுத்துப் போட்டது நான்.

அவனுக்கு என்ன பிடிக்கும் என்றாள்.
ஆறு வருஷம் எனக்கு மேல்கட்டில்.
இருமல் தெரியும், பெண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் அடிக்கும் மணி தெரியும்.
பிடிக்கும் என்றால்...
சட்டியில் இருப்பதைத் தின்பான்.

அப்புறம் ஞாபகம் வந்தது.
சம்பள ராத்திரியில் ஒரு டின் அன்னாசி.
முதலில் பாகைக் குடிப்பான், கண்ணை மூடிக்கொண்டு,
துண்டுகளை எங்களுக்குத் தள்ளிவிடுவான்.

கீழே கோல்ட் ஸ்டோருக்கு ஓடி வாங்கி வந்தேன்.
சீனியில் வார்த்த மண்டையோடு ஒன்றையும்
நீலப் பாகு நிரப்பிய பையையும் என் கையில் கொடுத்தாள்,
நெற்றியில் பெயர் எழுதச் சொல்லி.
'தா' சரியாக வந்தது.
'ணு'வின் சுழி வழிந்து கண்குழிக்குள் இறங்கிவிட்டது.
நல்லா இருக்கு, அழுகிறான் என்றாள்.
அவன் அழுகிற ஆளில்லை.
எனக்குப் பதினாலு தினார் தர வேண்டியவன்.

இறங்கும்போது இதழ்களை மிதிக்காமல் சுவரோரம் நடந்தேன்.
திரும்பியும் பார்த்தேன்.
லிஃப்ட் நாலாம் மாடியில் நின்று கதவு திறந்தது,
வெளியே யாரும் இல்லை.
கொஞ்ச நேரம் கையால் கதவைப் பிடித்திருந்தேன்.
பிறகு ஒன்பதை அழுத்திவிட்டு,
நான் வெளியே வந்து
படியில் இறங்கினேன்.