அரைமணி ஒத்திவைப்பு

உரக்கிடங்குக்கு மேல்மாடி.
யூரியா வாசனை படியேறி வந்து
எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தது.

பொறியாளர் சங்கக் கல்விக் குழுவில்
ஒன்பது பேர்.
ஒருவர் மஸ்கட்டில்.
ஒருவர் மகளின் நிச்சயதார்த்தத்தில்.
இரண்டு பேர் விலகிவிட்டதாக
எல்லோரிடமும் சொன்னவர்கள்,
கடிதம் மட்டும் தராதவர்கள்.
நெடுஞ்சாலை போஜன்
மேட்டுப்பாளையத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்.
மீதி நாலு பேர்
ஐப்பசி மழையில் நனைந்த குடைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தோம்.

கோரம் ஐந்து.
'கோரம் இல்லை' என்று
பென்சிலால் எழுதினேன்.

அதற்காகப் பேசாமல் இருக்க முடியுமா?
செபஸ்தியான் கணக்கு வாசித்தார்:
கையிருப்பு பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது.
பாடத்திட்ட உட்குழு கூடவில்லை
(இருவரில் ஒருவர்தான் மஸ்கட்).
பொருள் மூன்று, தடுப்புச்சுவர்ப் பயிற்சி,
மூன்று கூட்டமாய் அதே இடத்தில் நிற்கிறது.

விதி ஏழு, உட்பிரிவு ஆ:
பயிற்சி அங்கத்தினர்க்கு மட்டும்.
மேஸ்திரிகளைச் சேர்ப்பதா?
சான்றிதழில் என்னவென்று போடுவது
என்றார் செபஸ்தியான்.
மதியச் சாப்பாடு யார் கணக்கில்
என்றார் மின்வாரியம் பெள்ளிராஜ்.
அவர்களுக்கு இரண்டு நாள் கூலி போகுமே
என்றார் தலைவர் ஹைருன்னிசா.
அதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவதென்று
எனக்குப் பிடிபடவில்லை.
எழுதவில்லை.

நாலரைக்குப் போன்.
குஞ்சப்பனைக்கு மேலே, மூன்றாவது வளைவு,
சுவர் விழுந்துவிட்டது, யாருக்கும் அடியில்லை,
இரண்டு பக்கமும் பஸ் நிற்கிறது,
என்னைப் போனிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்
என்றார் போஜன்.
விதியில் போன் இல்லை.
கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் புக் பண்ணிய காலத்தில்
அச்சடித்த விதி.

பிறகு போட்டோ வந்தது.
நாற்பது அடிச் சுவர்
குப்புறப் படுத்துக் கிடந்தது.
தண்ணீர் வடிய விட்ட துளைகள் ஒவ்வொன்றிலும்
சிமெண்ட்.
ஒழுங்காக, வட்டமாக,
பூசியவன் விரல் ரேகையோடு.

மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டேன், என்றார் போஜன்.
"ஓட்டை ஒழுகுது, பாக்க அசிங்கமா இருக்கு, அடைன்னாங்க சார்."
யார் சொன்னது?
பெயர் சொன்னான்.
எங்கள் அங்கத்தினர் எண் அறுபத்திரண்டு.
சந்தா மார்ச் வரை பாக்கியில்லை.
போன வருடப் பயிற்சியில் முதல் வரிசை.
சான்றிதழில் கையெழுத்து என்னுடையது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
பெள்ளிராஜ் எழுந்து
குடையை ஒருவழியாக மூலையில் வைத்தார்.

விதி பன்னிரண்டு தெரிந்தவர் ஹைருன்னிசாதான்:
கோரம் இல்லையேல் அரைமணி ஒத்திவைத்து
அதே இடத்தில் மறுபடி கூடினால்
இருப்பவர்களே போதும்.
ஒத்திவைத்தோம்.

அரைமணி.
கீழே போய் டீ குடித்தோம்.
தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பார்த்தால்
மஞ்சு; தோட்டம் இல்லை.
செபஸ்தியான் தீப்பெட்டி அட்டையின் பின்னால்
கணக்குப் போட்டார்:
தலைக்கு ஒருநாள் தொள்ளாயிரம்,
இரண்டு நாள், ஆறு பேர்,
ஐநூற்று நாற்பது மிச்சம்.
"அது டீக்கு."
ஆறு பேருக்குமேல் முடியாது என்று
தன்னிடமே கோபப்பட்டார்.

ஐந்து பத்துக்கு மறுபடி கூடினோம்.
பொருள் மூன்று ஒருமனதாக நிறைவேறியது.
'சுவர் கட்டுகிறவர்களுக்கும்
கட்டச் சொல்கிறவர்களுக்கும்' என்று எழுதினேன்.
இரண்டாவது வரி எதற்கு,
அவர்கள்தான் ஏற்கெனவே அங்கத்தினர் ஆயிற்றே
என்றார் பெள்ளிராஜ்.
ஹைருன்னிசா, இருக்கட்டும் என்றார்.
நடவடிக்கைக் குறிப்பில்
'இடையில் அரைமணி ஒத்திவைக்கப்பட்டது',
அவ்வளவுதான்.
எண் அறுபத்திரண்டு குறித்து
என்ன செய்வதென்று யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பூட்டப்போகும்போது, ஆறே முக்காலுக்கு,
கோரம் வந்து சேர்ந்தது,
முழங்கால்வரை செம்மண்ணோடு.
பதிவேட்டை நீட்டினேன்.
போஜன் கையெழுத்துப் போட்டார்.
பக்கத்தில் ஈரமாக
அவர் விரல்.