பத்து நொடி

எஸ்.பி. ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே
ஒன்றரை ஆள் உட்காரும் கடை.
ஒரு ஆள் நான். மீதி அரை,
கேள்வி கேட்பவர்கள் உள்ளே நுழைக்கிற தலை.

"எது நல்லது?"
எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள்.
எதற்கு என்று திருப்பிக் கேட்டால்
பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது.
மருந்துக்கடையில் நின்று
நல்ல மாத்திரையாக ஒன்று கேட்பதுபோல.

சிக்பேட்டையிலிருந்து புட்டசாமி
ஜவுளிக் கணக்கோடு வருவார்.
டாலி ஓடுமா? ஓடினால் போதும்.
ஜன்னலா பென்குவினா என்ற பேச்சே இல்லை.
பில் அடிக்கிற பழைய பிரிண்டர்
அவருக்கு முன்பே முடிவு செய்துவிட்டது.

பி.ஜி.யில் தங்கியிருக்கும் பையன் ஒருவன்
லினக்ஸ்தான் வேண்டும் என்று நின்றான்.
ஏன் என்றேன்.
கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓட வேண்டுமாம்.
போட்டுக் கொடுத்தேன்.
மூன்றாம் நாள் வந்தான்.
வைஃபை இல்லை, சத்தம் இல்லை,
பச்சை எழுத்து மட்டும் நன்றாக ஓடுகிறது.

வைரஸ் வருமா?
வரும், கதவைத் திறந்து வைத்தால்.
இலவசம் என்றால் எங்கேயாவது இடிக்குமே?
இடிக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகும்.
ஆப்பிள் வாங்கலாமா?
வாங்குங்கள். என்னிடம் வர வேண்டியிருக்காது.
வந்தாலும் திறக்க என்னிடம் திருப்புளி இல்லை.

நிறுவும்போது அதுவும் கேள்வி கேட்கும்.
மொழி எது, விசைப்பலகை எது,
நீ இருப்பது எங்கே.
உலகப் படத்தில் பெங்களூரு இல்லை.
பதினாறு வருடமாகக் கல்கத்தாவை அழுத்துகிறேன்,
ஒரு தடவைகூடப் போனதில்லை.
மொழிப் பட்டியலில் இறங்கிப் போனால் தமிழ் இருக்கிறது,
கொஞ்சம் தள்ளிக் கன்னடம்,
சண்டை சச்சரவில்லாத அக்கம்பக்கத்து வீடுகள்.
இரண்டையும் தொடச் சொல்லி யாரும் கேட்டதில்லை.
ஸ்ரீராமபுரத்தில் என் வீட்டுக் கணினியும்
ஆங்கிலத்தில்தான் விழிக்கிறது.
சம்மதம் என்ற பொத்தானை மட்டும்
எல்லா மொழிக்காரர்களும்
படிக்காமலே அழுத்துகிறார்கள்.

நேற்று சாயங்காலம், மழைக்குக் கொஞ்சம் முன்,
ஒரு பெண் வந்தாள். ரசீதில் யசோதரா.
அடையாள அட்டை தொங்கிய இடத்துக்குக்
கை தானாகப் போய்ப் போய்த் திரும்பியது.
காலையில் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு
அனுப்பிவிட்டார்களாம்.
பதினோராயிரத்துக்கு ஒரு பழைய திங்க்பேட் எடுத்தாள்,
எண்டர் விசை மட்டும் தேய்ந்து வழவழத்தது.
எது நல்லது என்று கேட்கவில்லை.
"நான் அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா
இதுல யாருக்காவது தெரியுமா?"

நான் பதில் தேடுவதற்குள் அவளே சொன்னாள்:
மௌஸ் அசையாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில்
புள்ளி மஞ்சளாகிவிடுமாம்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி
மேலே மௌஸை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவாளாம்.
நொடிமுள் அவளுக்காக
வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டும் போட்டேன்.
விண்டோஸ் ஒரு பக்கம், இண்டர்வியூக்களுக்கு.
லினக்ஸ் ஒரு பக்கம், சும்மா இருக்க.
"ஆன் பண்ணதும் பட்டியல் வரும்.
பத்து நொடி பாக்கும்.
நீங்க ஒண்ணும் தொடலன்னா
மேல இருக்கறது தானா திறந்துக்கும்.
எதை மேல வைக்கட்டும்?"

தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது.
பதில் சொல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஏழு. ஆறு. ஐந்து.
மூன்றில், கீழ்நோக்கிய அம்பை ஒரு தட்டு.
எண்ணிக்கை நின்றுவிட்டது.
தொட்டால் நிற்கும் என்பதை
நான் சொல்ல மறந்திருந்தேன்.

இரண்டு வரிகள். எதுவும் திறக்கவில்லை.
"இப்படியே எவ்வளவு நேரம் இருக்கும்?"

"எவ்வளவு வேணா இருக்கும்" என்றேன்.
பிறகு மனசு கேட்கவில்லை.
"பேட்டரி பழசு. நாப்பது நிமிஷம்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.